இளையவர் முதலில் சொல்ல வேண்டும்

சுகுணாவுக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரியும். எஸ்டேட் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த பழக்கம் அது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்கள் விடிந்ததும் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாகப் பழைய சேலைத் தொட்டில்கள். ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போய், கடைசித் தொட்டிலுக்கு வருவதற்குள் முதல் தொட்டில் நின்றிருக்கும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் பர்லியார்ப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்து சன்னல் வழியே உள்ளே நுழைந்துவிடும். அப்போது பிள்ளைகள் தெரிய மாட்டார்கள், சேலைகள் அசைவது மட்டும் தெரியும். கை தன் பாட்டுக்கு ஆட்டிக்கொண்டிருக்கும், சுகுணா எங்கேயோ போய்விடுவாள்.

எங்கே போனாய் என்று கேட்டால், எங்கேயும் இல்லையே என்பாள். பொய். அவள் கண்ணால் பார்த்திராத வடக்கத்திப் பனிமலைக்குப் போயிருப்பாள். அங்கேதான் அவள் புருஷன், லான்ஸ் நாயக் ஜீவா, சரிந்த பனியில் மாட்டிக்கொண்டவர்களை இழுத்துப்போட இரண்டாம் தடவை உள்ளே போனவன், திரும்பி வரவில்லை. மகள் ரஞ்சனி அப்போது தவழ்கிற பிள்ளை. இன்றைக்கு அவள் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஜீவாவுக்குச் சேனா பதக்கம் கொடுத்தார்கள். அதாவது சுகுணாவின் கையில் கொடுத்தார்கள். மஞ்சள் நாடா, நடுவில் வெள்ளைக் கோடு, வெள்ளியின் விளிம்பில் அவன் பெயர். அவன் அதை ஒருநாளும் பார்த்ததில்லை, நெஞ்சில் குத்தியதும் இல்லை. அந்தக் குறை அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

மற்றபடி அவள் எதற்கும் முந்துகிறவள் அல்ல. அவள் அப்பா பழனியாண்டி இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். காலையில் ஆள் எடுக்கும் இடத்தைக் கடைசிவரை பெரட்டுக்களம் என்றே சொல்லிவந்தார். அந்தப் பெரட்டில் சிறுமியாய் நின்ற காலத்திலிருந்தே சுகுணா வரிசையின் கடைசி. பஸ்ஸில் கடைசியாக ஏறுவாள். சாப்பாட்டுக்குக் கடைசியாக உட்காருவாள். கல்யாணப் போட்டோவில்கூட மணப்பெண் ஓரமாக நிற்கிற அதிசயத்தை அவள் வீட்டில்தான் பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்டவளை முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஒழுங்குக் குழுவில் ஓர் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். குன்னூரிலிருந்து வெலிங்டன் போகிற சாலையில், ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த மாடி அறைதான் சங்கம். தலைவர் கௌரவக் கேப்டன் மயில்சாமி, கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் ராணுவ நீதிமன்ற அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவர். மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து உட்கார்ந்து, உள்ளே எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்பதைத் தலைகீழாகச் சொல்லும் அளவுக்கு அவருக்கு அத்துப்படி. சங்கத்தில் ஒழுங்குக் குழு அமைத்தபோது அதே முறையை இங்கேயும் கொண்டுவந்தார். விசாரணை முடிந்ததும் குற்றம் சாட்டப்பட்டவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்த வேண்டும். வாயால்தான் ஓட்டு. பதவியில் இளையவர் முதலில் சொல்ல வேண்டும், அப்படியே மேலே ஏறித் தலைவரிடம் முடிய வேண்டும். சமமாகப் பிரிந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகம். யார் என்ன சொன்னார் என்பது அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது. விஷயத்தில் சம்பந்தப்பட்டவர் எழுந்து போய்விட வேண்டும், வெறுமனே கண்ணால் பார்த்தவர் இருக்கலாம். இவ்வளவுதான்.

இளையவர் ஏன் முதலில் என்றால், பெரியவர் சொன்ன பிறகு சின்னவருக்கு வாய் எழாது, அதற்காகத்தான். ஆனால் சுகுணா விஷயத்தில் மயில்சாமியே அதை மறந்துபோனார். வீரமரணம் அடைந்தவரின் மனைவி என்று ஒருவர் குழுவில் இருக்க வேண்டுமென்று அவளைச் சேர்த்திருந்தார்கள். அவளுக்குப் பதவி ஏது? புருஷனின் பதவியை வைத்துக்கொண்டாலும் ஐந்து பேரில் அவள்தான் இளையவள். இருந்தும் பெண்பிள்ளையை எடுத்தவுடனே கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாதென்று, "அம்மிணியைக் கடைசியாக் கேட்டுக்கலாமுங்க" என்று ஆரம்பித்தார். மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார். அந்த ஒரு மரியாதை போதும், இளையவள் கடைசி என்றானதும் மற்றவர்களும் பெரியவரிலிருந்தே சொல்ல ஆரம்பித்து, வரிசையே தலைகீழாகிவிட்டது. கீழிருந்து ஏற வேண்டியது மேலிருந்து இறங்கியது. பெரியவர் இருமினால் மற்றவர்களும் இருமினார்கள், சுகுணா கடைசியாக இருமிவிட்டு வீட்டுக்கு வந்தாள். குடித்துவிட்டு வந்தவன், தேநீர் விருந்தில் கைகலந்தவன் என்று சில்லறை விவகாரங்கள். அவளுக்கும் அது ஒரு பொருட்டாக இல்லை.

ஜெகதீசனின் பெயர் அந்த அறையில் வாசிக்கப்படும் வரைக்கும்.

ஜெகதீசன் ஜீவாவோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர். ஓய்வு பெற்று வந்து, கேத்தியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு நிற்கிறார். சங்கத்தின் சிபாரிசில் கிடைத்த வேலை. மனைவி நோயில் போய்ச் சில வருஷம் ஆகிறது. சுகுணாவின் லயத்துக்குக் கீழே இருக்கிற லயத்தில், எஸ்டேட் வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாகப் பொங்கித் தின்கிற மனிதர். கேஸ் சிலிண்டர் தூக்கித் தருவது, காற்றில் பெயர்ந்த தகரத்தை ஆணியடித்துக் கொடுப்பது என்று அவளுக்கு ஒத்தாசையாக இருப்பார். வாசலோடு சரி, உள்ளே உட்கார மாட்டார். ஆரம்பத்தில் அவர் அவளைத் தங்கச்சி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். எப்போது என்று தெரியவில்லை, அந்த இரண்டு சொற்களும் நின்றுவிட்டன. பதிலுக்கு வேறு சொல் வரவில்லை. ஒருவரையொருவர் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே பேசிக்கொண்டார்கள். லயத்தில் ஒரு பெண் ஓர் ஆணை எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதை வைத்தே ஊர் கதை கட்டிவிடும். அதனால் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவள் முன்னால் போய்த் திருப்பத்தில் மறையும் மட்டும் அவர் நிறுத்தத்துப் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றுவிட்டு, வேறு பாதையில் போவார்.

சனவரியில் குடியரசு நாளுக்கு முன்பு சுகுணா பதக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் சிலிண்டரோடு வந்தார். இறந்தவரின் பதக்கத்தை வீட்டார் வலது மார்பில் குத்திக்கொள்ளலாம். இடது மார்பு, சம்பாதித்தவனுக்கு மட்டும். அவளும் வருஷா வருஷம் சேலையின் வலப்பக்கம் குத்திக்கொண்டு போகிறவள்தான். அன்றைக்கு என்ன தோன்றியதோ, இந்த வருஷம் நீங்கள் போட்டுக்கொண்டு அணிவகுப்பில் நடக்க வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அது ஓர் ஆணின் கோட்டில், நடையோடு நடையாக அசைந்து வருவதை எதிரே நின்று ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள்.

அவர் சிலிண்டரைச் சுவரோரம் இறக்கி வைத்தார். அப்படிப் போட்டாலும் வலப்பக்கம்தான், அதுகூடத் தனக்கு உரிமை இல்லை என்றார்.

"அவரு இருந்திருந்தா எந்தப் பக்கம் போட்டிருப்பாரு?" என்றாள் சுகுணா.

"இடது பக்கம்."

"அப்ப இடது பக்கந்தான்."

இது தப்பு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பட்டாளத்துக்காரனுக்கு இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. தெரிந்தும் வாங்கிக்கொண்டார்.

குடியரசு நாள் காலை மைதானத்தில் மேகம் அடைத்துக் கிடந்தது. பூட்ஸ் சத்தம் முதலில் வந்தது, ஆட்கள் பிறகு வந்தார்கள். வெள்ளைக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு பொட்டு அசைந்து அசைந்து அவளை நோக்கி வந்தது. கொஞ்ச தூரம், கொஞ்ச நேரம், அது ஜீவாதான். அவள் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பிறகு மேகம் விலகியது, ஜெகதீசனின் முகம் தெரிந்தது. ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவளைப் பயமுறுத்தியது அந்தச் சந்தோஷம் ஒன்றுதான்.

பக்கத்து வரிசையில் நின்ற ஹவில்தார் ரமேஷ்குமார், அவரும் ஒழுங்குக் குழுவில் ஒருவர், நாடாவைக் கண்டுகொண்டார். ஒருவர் நெஞ்சில் என்னென்ன நாடா இருக்கிறதென்று இன்னொருவருக்கு மனப்பாடம். யாருடையது இது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஜெகதீசன் பதக்கத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கடையில் வாங்கி மாட்டிக்கொண்டு வீரன் வேஷம் போட்டான் என்று சங்கம் முழுக்கப் பேச்சு பரவியது. ஓர் ஆணின் நெஞ்சில் அதிகமாக இருந்ததைக் கண்டுபிடித்த இத்தனை கண்ணும், குளிருக்குச் சால்வை போர்த்தி நின்ற சுகுணாவின் நெஞ்சில் அன்று ஒன்று குறைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. நம் ஆட்கள் கண் அப்படி.

சாயங்காலமே அவர் பதக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றார். ஒரு கைம்பெண்ணின் வீட்டுப் பதக்கம் தன் நெஞ்சுக்கு எப்படி வந்தது என்று ஊர் கேட்காமலா இருக்கும், பேர் கெட்டால் தன் பேர் மட்டும் கெடட்டும் என்றார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அப்போது அவளுக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

விசாரணை தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஏப்ரலில் முதல் மழை விழுந்த பிறகு ஒரு சனிக்கிழமைக்கு வைத்தார்கள். குற்றம் உறுதியானால் சங்கத்திலிருந்து நீக்கம். நீக்கப்பட்டவருக்குச் சங்கத்தின் சிபாரிசு இல்லை, அதனால் பள்ளிக்கூட வாசலும் இல்லை. அதையெல்லாம்விட, சம்பாதிக்காத பதக்கத்தைக் கள்ளத்தனமாக மாட்டியவன் என்ற பேர், சாகும்வரை கூடவே வரும்.

அந்த வாரமெல்லாம் சுகுணா பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களிடம் ஓட்டுக் கேட்டாள். மயில்சாமி தொட்டில், ரமேஷ்குமார் தொட்டில், வாயே திறக்காத மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு தொட்டில். கடைசித் தொட்டில் தான். பெரிய தொட்டிலை ஆட்டிவிட்டால் மற்றதெல்லாம் அதே பக்கம் ஆடுவதாகத் தோன்றியது. அவள் கை கடைசித் தொட்டிலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கடைசித் தொட்டிலிலிருந்து ஆரம்பித்தால் என்ன? முதலிலேயே குற்றமில்லை என்று ஒரு சொல் விழுந்துவிட்டால், அடுத்தவர் கொஞ்சம் தயங்கலாம். ஒருவர் தயங்கினால் இன்னொருவரும் தயங்கலாம். யார் என்ன சொன்னார் என்பது வெளியே வராது. அவரும் தப்பிப்பார், அவள் பேரும் தப்பிக்கும். இந்தக் கணக்கு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முந்தானையில் பதக்கத்தை ஏன் முடிந்துகொண்டு போனாள் என்று மட்டும் அவளுக்கே தெரியாது.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். கீழே பேக்கரியில் வர்க்கி சுட்டுக்கொண்டிருந்தார்கள், மாடிப் படியெல்லாம் நெய் வாசனை. ஜெகதீசன் இஸ்திரி போட்ட சட்டையில், நெஞ்சில் ஒரு நாடாவும் இல்லாமல் நின்றார். பதக்கம் எங்கிருந்து வந்தது என்று மயில்சாமி கேட்டார். "தப்புங்க, சார்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை. ஒரு தடவைகூட அவர் சுகுணா இருந்த பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவர் பட்ட பாடு அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர் யாராவது உண்டா என்று மயில்சாமி வழக்கம்போலக் கேட்டார். கேட்க வேண்டுமே என்று கேட்கிற கேள்வி அது. யாரும் எழவில்லை. சுகுணாவும் எழவில்லை. சன்னலுக்கு வெளியே மேகம் சாலையை மூடிவிட்டு மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மிணியைக் கடைசியாக் கேட்டுக்கலாமுங்க" என்று மயில்சாமி தன் வலப்பக்கம் திரும்பினார்.

"ஐயா" என்றாள் சுகுணா. "இளையவங்கதான் மொதல்ல சொல்லணும்னு நீங்கதான வச்சீங்க. என்னைய மொதல்ல கேளுங்க."

மயில்சாமி ஒரு நிமிஷம் அசந்துபோனார். தான் கொண்டுவந்த முறையைத் தானே மீறிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. சரிதானுங்க, சொல்லுங்க என்றார்.

நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பிறந்ததிலிருந்து, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று ஓர் அறை காத்திருந்தது இதுதான் முதல் தடவை. குற்றமில்லை என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாரமெல்லாம் தொட்டிலிடம் சொல்லிப் பழகிய சொல். ஆனால் முதலில் பேசுகிறவர் ஒளிந்துகொள்ள முன்னால் யாரும் இல்லை என்பது அவளுக்கு அங்கே உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. கடைசியில் இருந்தவரை மற்றவர்கள் சொன்னதையே சொல்லிவிட்டுப் போகலாம், அது பொய்யாகாது. இப்போது தன் சொல் ஒன்றுதான் மேசை மேல் இருக்கும். கதவுக்கு வெளியே ஒரு மனிதர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அவள் பொறுக்கமாட்டாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"குத்தம் இருக்குங்க" என்றாள். "அது என்னோடது."

பதக்கத்தை மேசை மேல் வைத்தாள். ரமேஷ்குமார்தான் அதை எடுத்து, விளிம்பில் இருந்த பெயரைப் படித்தார். படித்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தார். சுகுணா சொன்னாள். நான்தான் கொடுத்தேன், இடது பக்கம் குத்தச் சொன்னதும் நான்தான், அவர் வேண்டாம் என்றார், நான் விடவில்லை என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளாகவே, அது நடந்து வருவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது என்றாள். 

மயில்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க எந்திரிச்சுப் போயிருக்கோணும் அம்மிணி" என்றார். கோபமில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. "இனி உங்க ஓட்டு செல்லாதுங்க. வெளிய இருங்க."

வெளியே பெஞ்சில் ஜெகதீசனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குற்றம் சாட்டப்பட்டவர் உட்காரும் பெஞ்ச். நடந்ததைச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊர் வாயில் விழப் போகிறீர்களே என்றார். விழட்டும் என்றாள். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் இருந்த இடத்தில் தூக்கம்தான் இருந்தது, பிள்ளைகளெல்லாம் உறங்கிவிட்ட மதியத் தூக்கம். உள்ளே நான்கு குரல்கள், கீழிருந்து மேலாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. சொற்கள் புரியவில்லை. புரிந்துகொள்ள இருவரும் முயலவும் இல்லை.

கதவு திறந்தது. மயில்சாமி பதக்கத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து சுகுணாவிடம் கொடுத்தார். நீக்கம் இல்லை என்றார். ஆனால் இடது பக்கம் குத்தியது குத்தியதுதான், அதனால் அடுத்த அணிவகுப்பில் ஜெகதீசனுக்கு இடமில்லை. சம்பந்தப்பட்டவர் எழாமல் உட்கார்ந்திருந்ததால் சுகுணாவுக்கு இனி குழுவிலும் இடமில்லை. யார் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்க வேண்டாம் என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முதலில் பேசினாள், பேசிய கையோடு நாற்காலி போய்விட்டது. அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரமேஷ்குமார் படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார். பதக்கத்தின் கொக்கி வளைந்திருக்கிறது, ஊசி நழுவிவிடும், நிமிர்த்திக்கொள்ளுங்கள் என்று ஜெகதீசனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவர் பின்னால் நின்றார். எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கியபோது கொழுந்து எடை போடும் நேரம். கொட்டகையில் தராசுக்கு முன்னால் பெண்கள் சாக்கோடு வரிசையாக நின்றிருந்தார்கள். அவளிடம் பிள்ளை விடுகிற தாய்மார்கள், அவர்களின் மாமியார்கள், இந்த மலையில் நடப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் பேசுகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஜெகதீசன் வழக்கம்போல நிறுத்தத்துப் படியிலேயே நின்றுவிட்டார். அவள் திருப்பத்தில் மறையட்டும் என்று காத்திருந்தார். மேகத்தில் அவர் பாதிதான் தெரிந்தார்.

சுகுணா கொட்டகைக்கு எதிரே வந்ததும் நின்றாள். முந்தானையில் முடிந்த பதக்கத்தைக் கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். பிறகு திரும்பி, அந்த லயத்தில் ஒரு பெண் ஒரே ஓர் ஆணை மட்டும் கூப்பிடும் விதமாக, எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஏங்க. என்ன நிக்கிறீங்க? வாங்க, வீட்டுக்குப் போவோம்."

தராசின் மேல் இருந்த கைகள் அப்படியே நின்றன. எடை சொல்கிறவர் எண்ணை மறந்து மறுபடி பார்த்தார். மேகத்துக்குள்ளிருந்து பூட்ஸ் சத்தம் முதலில் வந்தது. அவள் வழியை விட்டு நகராமல், முகம் தெரியும் வரைக்கும் நின்றாள்.